ஆறாம் பக்கம்

எந்தக் கடிதம் வந்தாலும் இன்பநாதன் அதைக் கடைசி வரி வரை வாசித்துத்தான் கீழே வைப்பார். நூல் ஆலையில் காலைமுறை வேலை முடிந்து, சைக்கிளில் இரண்டரை மணிக்கு வீடு வந்து, முகம் கழுவி, ஒரு கோப்பை வெறுந்தேநீர் குடித்த பின் சமையலறை மேசையில் அமர்வார். அன்றைய தபால் இடப்பக்கத்தில் இருக்கும். சிவப்பு அட்டை போட்ட டேனிஷ் அகராதி வலப்பக்கத்தில் இருக்கும். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் பொருள் தேடி, அதன் தலைக்கு மேலே பென்சிலால் எழுதுவார். ஒரு பக்கம் முடிந்ததும் அதன் கீழ் மூலையில் ஒரு சின்னச் சரி அடையாளம் போடுவார். கொழும்பில் கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் பத்திரங்களைச் சரிபார்த்த கை அது. நாடு மாறியும் பழக்கம் மாறவில்லை.

டென்மார்க்கின் பிராண்டே நகரில் அப்போது தமிழ்க் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. நகரசபையிலிருந்தும் மின்சாரப் பகுதியிலிருந்தும் வரும் கடிதங்களை அவர்கள் இன்பநாதனிடமே கொண்டுவந்தார்கள். மேல்மாடியில் தனியாக இருந்த பேனாட், "அண்ணையின்ர சரி விழுந்தால் கடிதம் அடங்கிப்போடும்" என்று சொல்லுவான். அவனும் அதே ஆலையில் வேலை செய்தான். முப்பது வயது, மன்னார்க்காரன், வாய் சும்மா இராது.

1986ஆம் ஆண்டு மாசி மாதத்தில் இன்பநாதனின் வீட்டுக்கு ஒரு தடித்த உறை வந்தது. நகரசபையில் அவர்களைக் கவனித்துவந்த பெண்மணி, வீட்டுப் பொருட்களுக்குக் காப்புறுதி எடுத்துவைப்பது நல்லது, இந்த நாட்டில் எல்லாரும் எடுப்பார்கள் என்று சொல்லியிருந்தார். இன்பநாதனும் எடுத்தார். உறைக்குள் இருந்தது அதன் நிபந்தனைப் புத்தகம். இருபத்திரண்டு பக்கம்.

இரண்டு பின்னேரங்கள் அதை வாசித்தார். நெருப்பு, குழாய் வெடித்துப் பெருகும் நீர், களவு, நம் கை தவறி மற்றவருக்கு விளைவிக்கும் சேதம் என்று ஒவ்வோர் ஆபத்துக்கும் ஒவ்வொரு பகுதி இருந்தது. மனிதனுக்கு வரக்கூடிய கேடுகளையெல்லாம் யாரோ நிதானமாக உட்கார்ந்து யோசித்து வகை பிரித்திருக்கிறார்களே என்று அவருக்கு வியப்பாக இருந்தது. ஐந்து பக்கங்களில் ஐந்து சரிகள் விழுந்தன.

ஆறாம் பக்கம், எவற்றுக்கு நட்டஈடு இல்லை என்று சொல்லியது. அதில் ஒரே வரியில் மூன்று சொற்கள் வரிசையாக நின்றன. அகராதியைப் புரட்டி ஒவ்வொன்றின் தலைக்கும் மேலே எழுதினார். போர். கிளர்ச்சி. கலகம்.

பென்சிலை வைத்துவிட்டு அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் எரிந்துபோன அவருடைய வாடகை வீடும், வீட்டிலிருந்த தையல் இயந்திரமும், பதினெட்டு ஆண்டுச் சம்பாத்தியமும், அகதி முகாமில் கிடந்து வடக்கே கப்பலேறிய நாட்களும், எல்லாம் அந்த ஒரே வரிக்குள் அடங்கிவிட்டன. அவருக்கு வந்த கேடு இவர்களுடைய வகைப்படுத்தலில் வெளியே நிறுத்தப்பட்ட கேடு. பக்கத்தின் அடியில் சரி போட்டார். புத்தகத்தை மூடி, மேசையின் லாச்சியை இழுத்து அதற்குள் வைத்தார். நாளைக்கு மிச்சத்தை வாசிக்கலாம் என்று நினைத்தார். மறுநாளும் களைப்பாக இருந்தது. அதற்கு அடுத்த நாளும். பிறகு புத்தகம் லாச்சியிலேயே கிடந்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பேனாட்டும் மேரிசெலினும் தேநீருக்கு வந்திருந்தார்கள். மேரிசெலின் எதிர்க்கட்டடத்தில் ஓர் அறை வீட்டில் தனியாக இருந்தாள்; முதியோர் இல்லத்தில் துப்பரவு வேலை செய்தாள். அவளுடைய கணவன் பஸ்தியாம்பிள்ளை கொழும்பில் ஒரு விடுதியில் தங்கி, டென்மார்க்குக்கு வர விசா கிடைக்கும் நாளை எதிர்பார்த்திருந்தான். விசா வந்த அன்றே விமானச்சீட்டு எடுக்க வேண்டும் என்று அவள் ஒரு வழி வைத்திருந்தாள். கல்யாணத்துக்குப் போட்ட ஆறு காப்புகளை விற்பது. அவற்றைத் துணியில் சுற்றி மாவு வைக்கும் தகரப் பேணிக்குள் ஒளித்திருந்தாள். வேலைக்குப் போனால் மனம் மாவுப் பேணியிலேயே இருக்கிறது என்று சொல்வாள்.

காப்புறுதி என்றால் என்ன என்று பேனாட் கேட்டான். இன்பநாதனுக்குக் கதை சொல்லி விளக்குவதில் விருப்பம்.

"ஒரு தோப்பிலை நாற்பது காகம் இருந்ததெண்டு வையுங்கோ. வருசத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு காகமும் ஒரு சுள்ளியைக் கொண்டுவந்து பொதுக் குவியலிலை போடவேணும். காத்துக்கு எந்தக் கூடு விழுகுதோ, அந்தக் காகம் குவியலிலை இருந்து எடுத்துத் திருப்பிக் கட்டலாம். கூடு விழாத காகத்துக்குப் போனது ஒரு சுள்ளி. விழுந்த காகத்துக்குக் கிடைச்சது ஒரு கூடு."

"அண்ணை, காகம் சுள்ளியைக் களவெடுத்ததாய்த்தான் கேள்வி. போட்டதாய் நான் கேள்விப்படேல்லை" என்றான் பேனாட்.

"உன்னைப்போல காகங்கள் எண்டால் அப்பிடித்தான்" என்றாள் இன்பநாதனின் மனைவி புஷ்பராணி, பலகாரத் தட்டை அவன் பக்கம் தள்ளியபடி.

பேனாட் ஒரு பலகாரத்தைக் கடித்துக்கொண்டே யோசித்தான். "அப்ப ஒரு வீட்டுக்கு இருந்தாலே போதுமே, அண்ணை. என்ர அம்மாவின்ர சங்கிலியும் இந்தத் தங்கச்சியின்ர காப்பும் உங்கட அலுமாரிக்குள்ளை இருந்தால், அதுகளும் உங்கட கூட்டுக்குள்ளைதானே."

அந்த யோசனை யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. ஊரில் குழப்பம் வரப்போகிறது என்று தெரிந்தால், நகைநட்டை ஊரிலேயே பலமான கதவுள்ள வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவைப்பது அவர்கள் கண்ட வழக்கம். பிராண்டேயில் பலமான கதவு என்பது அந்த இருபத்திரண்டு பக்கப் புத்தகம் என்று அவர்கள் எண்ணினார்கள். ஓர் ஆபத்தைப் பலருடைய தோளில் பிரித்து ஏற்றுவதற்காக மனிதர் கண்ட ஏற்பாடு காப்புறுதி. இவர்களோ பலருடைய ஆபத்தைத் திரட்டி ஓர் அலுமாரிக்குள் அடைக்கப் புறப்பட்டார்கள்.

மேரிசெலின் மட்டும் சற்றுத் தயங்கினாள். "அண்ணை, பிறத்தியாரின்ர சாமானுக்கும் குடுப்பினமோ? வடிவா முழுக்க வாசிச்சனீங்களோ?"

இன்பநாதன் ஒரு கணம் லாச்சியைப் பார்த்தார். எல்லாரும் தம்மைப் பார்ப்பதையும் உணர்ந்தார்.

"ஓம், தங்கச்சி. கடைசி வரி வரைக்கும்."

மறுநாள் மேரிசெலின் ஆறு காப்புகளைக் கைலேஞ்சியில் முடிந்து கொண்டுவந்தாள். பேனாட் சங்கிலியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். புஷ்பராணி தன் அட்டியலையும் தோட்டையும் அவற்றோடு சேர்த்து, நீல நிற பிஸ்கற் பேணி ஒன்றுக்குள் வைத்து மூடி, அலுமாரியில் படுக்கை விரிப்புகளுக்குக் கீழே வைத்தாள். மேரிசெலின் வீடு திரும்பும்போது, "இனி நிம்மதியாய் வேலைக்குப் போகலாம், அக்கா" என்றாள்.

ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் விபோர்க் நகரத் தேவாலயத்தில் தமிழ்ப் பூசையும் அதன்பின் விருந்தும் இருந்தன. நால்வரும் பஸ்ஸில் போனார்கள். வெயில் இறங்காத நீண்ட பின்னேரத்தில் திரும்பி வந்தபோது, நிலத்தளத்திலிருந்த இன்பநாதன் வீட்டின் படுக்கையறை யன்னல் நெம்பித் திறக்கப்பட்டிருந்தது. படுக்கை விரிப்புகள் தரையில் கிடந்தன. வானொலிப் பெட்டி இல்லை. பிஸ்கற் பேணியும் இல்லை.

மேரிசெலின் அழவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தரையில் கிடந்த விரிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். எல்லாவற்றையும் மடித்து முடித்த பின், "காப்புறுதி இருக்குத்தானே, அண்ணை" என்று மட்டும் கேட்டாள்.

பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. மறுநாள் வேலை விட்டு வந்ததும் இன்பநாதன் தேநீர்கூடக் குடிக்காமல் லாச்சியைத் திறந்தார். ஏழாம் பக்கத்திலிருந்து தொடங்கினார். பதினோராம் பக்கத்தில் அது இருந்தது. அந்த முகவரியில் பதிந்து ஒரே குடும்பமாக வாழ்பவரின் உடைமைகளுக்கே நட்டஈடு உண்டு. பிறர் கொடுத்துவைத்த நகைகளுக்கு இல்லை. நான்கே வரி. கடினமான சொல் ஒன்றுகூட அதில் இல்லை. அகராதியே தேவைப்படவில்லை.

மற்றவர்களிடம் அவர் செய்தியைச் சொன்னார். ஆனால் உள்ளபடி சொல்லவில்லை.

"பிறத்தியாரின்ர சாமானுக்கு இல்லையாம். இப்ப புதுசாய்ச் சட்டம் மாத்தியிருக்கிறாங்கள் போல."

மேரிசெலின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கள் வாசிக்கேக்கை அது இருக்கேல்லையோ?"

"இருந்திருந்தால் சொல்லியிருப்பனே."

பேனாட் குறுக்கே வந்தான். "இதென்ன பெரிய விசயம்? எல்லாம் அக்காவின்ர எண்டு எழுதுங்கோ. எங்கட பொம்பிளையளிட்டை எவ்வளவு நகை இருக்கும் எண்டு அவங்களுக்கு என்ன தெரியும்? கலியாணப் படத்தைக் காட்டுங்கோ. அதிலை அக்கா கோயில் தேர் மாதிரித்தானே நிக்கிறா."

"அதிலை பாதி பெரியம்மாவின்ரையும் மச்சாளின்ரையும்" என்றாள் புஷ்பராணி.

"இரவல் எண்டு படத்திலை எழுதியிருக்கோ, அக்கா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. மேரிசெலின் எழுந்து சால்வையைப் போர்த்தினாள். "அவருக்குக் கடிதம் எழுதவேணும். காப்பு இருக்கு, யோசியாதையுங்கோ எண்டு போன கிழமைதான் எழுதினனான். இப்ப என்னத்தை எழுதுறது எண்டு நீங்கள் சொன்னால் எழுதுறன், அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வியாழக்கிழமை வந்தார். நரைத்த தலை, மழைச்சட்டையைக் கழற்றி அவரே கொளுக்கியில் மாட்டினார், கொடுத்த கோப்பியை நன்றி சொல்லிக் குடித்தார். யன்னலைப் பார்த்தார். வானொலியின் விலையை எழுதினார். பிறகு, நகைகளைப் பற்றி ஏதாவது சான்று இருக்கிறதா என்று கேட்டார். புஷ்பராணி, ஊரில் தாயிடம் இருந்ததால் எரியாமல் தப்பிய கல்யாணப் படத்தை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வெகு அக்கறையோடு பார்த்தார். அட்டியல், பதக்கச் சங்கிலி, இரு கை நிறையக் காப்புகள். பென்சிலின் முனையால் காப்புகளைத் தொட்டுக் காட்டினார்.

"இவையெல்லாம் உங்கள் மனைவிக்குச் சொந்தமானவையா?"

இன்பநாதனுக்கு ஒரு தலையசைப்புப் போதுமாயிருந்தது. அந்த மனிதர் அதை நம்பியிருப்பார். நம்புவதற்கு ஆயத்தமாகவே பென்சிலைப் பிடித்திருந்தார். காப்புகளுக்கு ஈடு வரும். பஸ்தியாம்பிள்ளைக்குச் சீட்டு வரும். பேனாட் சிரிப்பான். ஆறாம் பக்கத்தோடு நின்றுபோன பென்சிலைப் பற்றி ஒருவரும் எக்காலமும் அறியமாட்டார்கள்.

அந்தக் கடைசி எண்ணந்தான் அவரைத் தடுத்தது. மேரிசெலினுக்காகச் சொல்லும் பொய் என்று அதைத் தம்மால் எண்ணிக்கொள்ள முடியாது என்று கண்டார். முதலில் 'ஓம்' என்றது தம் பெயரைக் காக்க. பிறகு சட்டம் மாறிற்று என்றதும் அதற்கே. இந்தத் தலையசைப்பு மூன்றாவது. இதற்குப் பிறகும் ஒன்று வேண்டியிருக்கும். சுமந்தது போதும் என்று அவருக்குத் தோன்றியது. அறிவுரை ஒன்றும் அவர் நினைவுக்கு வரவில்லை. உடம்பெல்லாம் அலுத்திருந்தது, அவ்வளவுதான்.

"இல்லை" என்றார். "அட்டியலும் தோடும் அவளுடையவை. படத்திலுள்ள மற்றவை கல்யாணத்துக்கு இரவல் வாங்கியவை. களவுபோன பேணியில் இருந்த ஆறு காப்புகளும் ஒரு சங்கிலியும் அயலவர்களுடையவை. இங்கே பத்திரமாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன்."

மதிப்பீட்டாளர் பென்சிலைத் தாழ்த்தினார். "அவற்றுக்கு எங்களால் ஒன்றும் செய்ய இயலாது. பதினோராம் பக்கத்தில் இருக்கிறது."

"தெரியும். இப்போது தெரியும்."

அவர் எழுந்து மழைச்சட்டையை மாட்டினார். வாசலில் நின்று, "அவர்கள் சொந்தமாக ஒன்று எடுக்கலாம். பெரிய செலவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தபோது புஷ்பராணி மேசையிலிருந்த நிபந்தனைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆறாம் பக்கத்தோட சரி நிண்டுபோச்சு" என்றாள். "நான் மாசியிலேயே பாத்தனான். பிறகு வாசிப்பியள் எண்டு இருந்திட்டன். அண்டைக்கு நீங்கள் ஓம் எண்டேக்கை வாசிச்சிட்டியளாக்கும் எண்டு நினைச்சன்."

"ஏன் கேக்கேல்லை?"

"அந்த வரியை நானும் வாசிச்சனான். கேக்க மனம் வரேல்லை."

பிறகு புஷ்பராணி படத்தைத் துடைத்து, காகிதத்தில் சுற்றினாள். "அட்டியலுக்கும் தோட்டுக்கும் வாறதை மேரிசெலினுக்குக் குடுங்கோ. என்ர மனுசன் என்ர வீட்டிலைதானே இருக்கிறார். அவளின்ர மனுசன்தான் அங்கை கிடக்கிறார். ஆனால் முதல்லை போய் உண்மையைச் சொல்லிப்போட்டு வாங்கோ. காசைக் கொண்டுபோய் உண்மையை மூடாதையுங்கோ."

புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் அன்று பின்னேரமே எதிர்க்கட்டடத்துக்குப் போனார். மேரிசெலின் வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. ஒரு கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பேனாட்டும் அங்கே இருந்தான், என்ன நடந்தது என்று அறிய வந்தவன். மதிப்பீட்டாளரிடம் சொன்னதை இன்பநாதன் சொன்னார். பேனாட் வாய் திறக்கும் முன்பே புத்தகத்தை விரித்து, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டினார். ஆறு பக்கங்களில் சரி. ஏழாவதில் வெறும் மூலை.

"சட்டம் மாறேல்லை, தங்கச்சி. நான் வாசிக்கேல்லை. வாசிச்சன் எண்டு பொய் சொன்னனான். பிறகு அதை மூட இன்னொரு பொய்யும் சொன்னனான்."

பேனாட் எழுந்தான். "வாசிக்கேல்லை எண்டு அண்டைக்கே சொல்லியிருந்தால் என்ர அம்மாவின்ர சங்கிலி என்ர கழுத்திலை கிடந்திருக்கும். உண்மை பேசுற ஆள் அண்டைக்கெல்லோ பேசியிருக்க வேணும். இண்டைக்கு வெள்ளைக்காரனுக்கு முன்னாலை போய்ப் பேசியிருக்கிறியள்." கதவை அடித்துச் சாத்தாமல், மெல்லச் சாத்திவிட்டுப் போனான். அது அடித்ததைவிட அதிகமாகக் கேட்டது.

மேரிசெலின் ஆறாம் பக்கத்தை விரலால் தடவி, பென்சில் எழுத்தை வாசித்தாள். போர். கிளர்ச்சி. கலகம்.

"ஏன் அண்ணை அண்டைக்கு ஓம் எண்டனீங்கள்?"

"தெரியாது எண்டு சொல்லிப் பழகேல்லை, தங்கச்சி."

அவள் புத்தகத்தை மூடி அவரிடம் கொடுத்தாள். "உங்களைக் கோவிக்கக்கூட எனக்கு ஏலாமல் கிடக்கு. இண்டைக்கு இருபத்தாறு அறை துடைச்சனான். போயிட்டு வாங்கோ" என்றாள்.

அதன்பின் ஆலையில் பேனாட் வேறு மேசையில் இருந்து சாப்பிட்டான். இரண்டு கிழமை அப்படி இருந்தான். மூன்றாம் கிழமை வந்து எதிரே உட்கார்ந்து, "சங்கிலிக்கு வேற வழியில்லை. வருசம் முடியுமட்டும் எங்கட கட்டடத்துப் படிக்கட்டு கழுவுற என்ர முறைக்கும் நீங்கள்தான் கழுவவேணும்" என்றான். இன்பநாதன் ஓம் என்றார். சனிக்கிழமைகளில் வாளியோடும் துடைப்பத்தோடும் அவர் மாடிப்படியில் நிற்கையில், பேனாட் மேலே நின்று, "அந்த மூலை, அண்ணை. அதிலை சரி போட ஏலாது" என்று சுட்டிக்காட்டுவான். சங்கிலி திரும்பி வரவில்லை. இனி வரவும் போவதில்லை. ஆனாலும் பேச்சுத் திரும்பிவந்தது.

மேரிசெலின் தன் கடிதங்களை அவரிடம் வாசிக்கக் கொண்டுவரவில்லை. வாசித்துச் சொல்லவேண்டியவற்றை அவள் முதியோர் இல்லத்தில் கூட வேலைசெய்யும் ஒருத்தியிடம் கொடுத்து, பாதி சைகையில் கேட்டறிந்துகொள்வதாகப் புஷ்பராணி சொன்னாள். அவளுடைய தபால் இல்லாத மேசையின் இடப்பக்கத்துக்கு இன்பநாதனின் பார்வை போய்ப்போய் வந்தது.

ஆடி முடிவில் நட்டஈடு வந்தது. ஆவணி நடுப்பகுதியில் பஸ்தியாம்பிள்ளைக்கு விசா கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்தது. அந்தக் காசில் சீட்டு எடுக்கலாம் என்று புஷ்பராணி போய் மேரிசெலினிடம் பேசினாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று இன்பநாதன் கேட்கவில்லை. முதலில் மாட்டேன் என்றாளாம், பிறகு அழுதாளாம், பிறகு விசாக் கடிதத்தின் பிரதியை எடுத்துக் கொடுத்தாளாம். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் ஒருநாள் லீவு போட்டு, ரயிலேறி, பயண முகவர் ஒருவரிடம் போய்ச் சீட்டு எடுத்துவந்தார்.

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. ஈரச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு மேரிசெலினின் மேசையில் சீட்டை வைத்தார். அவள் தொடவில்லை. அடுப்பிலிருந்த கேத்திலை இறக்கி, அவருக்கு வெறுந்தேநீர் ஊற்றி வைத்து, எதிரே அமர்ந்தாள்.

"வாசியுங்கோ, அண்ணை."

அவர் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். விசாக் கடிதத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுக் காட்டினார். கொழும்பில் ஏறும் நாள், இறங்கி மாறும் இடம், கொப்பன்ஹேகனில் இறங்கும் நேரம் எல்லாவற்றையும் வாசித்தார். அவள் எழுந்திருக்கவில்லை. சீட்டின் பின்புறத்தைத் திருப்பி வைத்தாள். அங்கே டேனிஷில், பொடி எழுத்தில் நிபந்தனைகள் நெருக்கமாக அச்சாகியிருந்தன.

இன்பநாதன் அகராதியைக் கொண்டுவந்திருக்கவில்லை. "இதிலை சில சொல்லு எனக்குத் தெரியாது, தங்கச்சி" என்றார். "வீட்டை போய் அகராதியை எடுத்துக்கொண்டு வாறன்."

"மழை பெய்யுது. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ."

குடித்துவிட்டுப் போனார். நனைந்தபடி அகராதியோடு திரும்பி வந்தார். பயணப்பொதி தொலைந்தால் எவ்வளவு ஈடு, விமானம் பிந்தினால் யார் பொறுப்பு, எவற்றுக்குப் பொறுப்பில்லை என்று ஒவ்வொரு வரியாக வாசித்துப் பொருள் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் சென்றது. கடைசி வரி முடிந்ததும் பென்சிலை எடுத்தார். அடையாளம் போடலாமா என்று கேட்பவர்போல அவளைப் பார்த்தார்.

மேரிசெலின் எழுந்து போய், சுவரலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு கட்டுக் கடிதங்களைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தாள். ஆனி மாதத்திலிருந்து அரைகுறையாக விளங்கியபடி சேர்ந்தவை.

"முதல்லை அதுக்குப் போடுங்கோ" என்றாள். "பிறகு இதுகளையும் பாருங்கோ."